‘நடுவீட்டை மட்டும் விட்ருப்பா!’ - கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு 360 டிகிரி கேமராக்காரர்

கம்பம், சின்னமனூர் பக்கம் கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் சில கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம்? சமையல்கட்டில் தண்ணீர் தாராளமாக வருமா? மாடி ஏற முடியாத பாட்டிகளுக்குக் கீழேயே கழிப்பறை உண்டா? மணமகள் அறை மேடைக்குப் பக்கமா, தூரமா? வாடகை பேச்சே அதற்கு அப்புறம்தான். ஒரு நடை உள்ளே நடந்து பார்த்தால்தான் இதற்கெல்லாம் பதில் தெரியும்.

ஆனால், இன்றைக்கு யார் நடந்து பார்க்கிறார்கள்? பெண்ணின் அண்ணன் திருப்பூரில், மாப்பிள்ளை துபாயில், ‘சரி’ என்று கடைசி வார்த்தை சொல்ல வேண்டிய தாய்மாமன் சென்னையில். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போகிறது. அதைத் தொட்டால் மண்டபத்தின் வாசலில் நிற்கிறார்கள். விரலால் தள்ளினால் மேடை, இன்னொரு தள்ளலில் பந்திக்கூடம், திரும்பிப் பார்த்தால் வந்த வழி. துபாயில் இருப்பவர் தலையைத் தூக்கி மின்விசிறிகளை எண்ணிவிட்டு, “ஃபேன் பத்தாதே மாமா” என்று குரல் பதிவு அனுப்புகிறார்.

இந்த லிங்க்குகளைச் செய்து தருபவர்களில் ஒருவர் சின்னமனூர்க்காரர். வயது நாற்பதைத் தொடுகிறது. பல வருடங்கள் கல்யாண போட்டோகிராபர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கல்யாணங்கள் வீட்டு வாசலோடு முடிந்துபோயின. ஆல்பம் போட ஆளில்லை. ஸ்டூடியோ வாடகை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அந்த நாள்களில்தான் நகைச்சீட்டுப் பணத்தில் உள்ளங்கை அளவு கேமரா ஒன்றை வாங்கினார். முன்பக்கம் ஒரு கண், பின்பக்கம் ஒரு கண். “இதுக்கா இம்புட்டு காசு?” என்று மனைவி கேட்டாராம். தன் பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் பெயர் தெரிந்தால், தான் படம் எடுத்த ஒரு குடும்பத்தையும் ஊர் கண்டுபிடித்துவிடும் என்பது அவர் கவலை.

கேமராவுக்கு முதுகு கிடையாது

சாதாரண கேமராவுக்கு ஒரு முன்பக்கம், ஒரு பின்பக்கம் உண்டு. எடுப்பவர் பின்னால் நின்றுகொள்ளலாம். இந்தக் கேமராவுக்கு முதுகே கிடையாது. இரண்டு லென்ஸுகளும் மீன்கண் லென்ஸுகள். ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கும். இரண்டும் பார்த்ததை, விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் பார்த்து மென்பொருள் தைத்துவிடும். பூமி உருண்டையை உரித்து உலக வரைபடமாக விரிப்பது போல, அறையை உரித்து ஒரே படமாக விரிக்கும். அகலம் இரண்டு பங்கு, உயரம் ஒரு பங்கு. அதை மறுபடி உருண்டையாகச் சுருட்டி, பார்ப்பவரை நடுவில் நிறுத்துவது நம் போன்.

தையல் போலவே, துணி சரியாக இருந்தால்தான் இதுவும் சரியாக வரும். இரண்டு லென்ஸுகளுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருப்பதால், ரொம்பப் பக்கத்தில் இருக்கும் தூணோ நாற்காலியோ ஒட்டும் இடத்தில் முறிந்து தெரியும். அதனால் ஒல்லியான கம்பின் உச்சியில், மனிதக் கண் உயரத்தில், எதையும் உரசாத இடமாகப் பார்த்து கேமராவை வைக்கிறார். போனில் பட்டனைத் தட்டிவிட்டு ஓடி ஒளிகிறார். தூணுக்குப் பின்னால், கதவு மறைவில், சில சமயம் பாத்ரூமில். “முப்பது வருசத்துக்கு முன்னாடி விட்ட கண்ணாமூச்சிய இப்ப மறுபடி ஆடுறேன்” என்று சிரிக்கிறார்.

அதிகத் தொல்லை கொடுப்பவை கண்ணாடிகள். நகைக்கடையிலும் சலூனிலும் எங்கே ஒளிந்தாலும் ஏதாவது ஒரு கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த தொல்லை வெளிச்சம். மதிய வெயில் ஜன்னலில் பளீரென்று அடிக்கும், உள்ளே மூலை இருட்டாகக் கிடக்கும். ஒரே இடத்தில் கூடுதல் வெளிச்சத்துக்கு ஒன்று, குறைவான வெளிச்சத்துக்கு ஒன்று என்று பல படங்கள் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். அந்த நேரத்தில் மின்விசிறி ஓடினால் றெக்கைகள் பேய் மாதிரி வரும்.

இது வெறும் படம் இல்லை, வரைபடம் என்பதற்குக் காரணம் இன்னொரு வேலை. வீதியில் போனுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ்., கான்கிரீட் கூரைக்கு அடியில் சரியாக வேலை செய்யாது. செயற்கைக்கோள் சமிக்ஞை உள்ளே வரும்போதே தேய்ந்துவிடும். எனவே, அவர் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கட்டடத்தைக் கையால் வரைந்துகொள்கிறார். சில அடிகளுக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு எண். 1-ல் நின்றால் 2 தெரிய வேண்டும், 2-ல் நின்றால் 3 தெரிய வேண்டும். இடையில் சுவர் வந்துவிட்டால் பார்ப்பவர் சுவரைத் துளைத்துக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்து இந்தத் தாளைப் பார்த்துத்தான் எந்தப் படத்திலிருந்து எந்தப் படத்துக்கு அம்புக்குறி போக வேண்டும் என்று கோக்கிறார்.

பிளாஸ்டிக் நாற்காலி ரகசியம்

அகலமாகப் பார்க்கும் லென்ஸ் பொய்யும் சொல்லும். பத்துக்குப் பத்து அறையை மண்டபம் மாதிரி காட்டிவிடும். லாட்ஜ் படத்தைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இது தெரியும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒவ்வோர் அறையிலும் ஓரமாகச் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுவிடுவார். அதன் அளவு எல்லோருக்கும் தெரியும். நாற்காலியைப் பார்த்தால் அறை எவ்வளவு என்று கண் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். சில முதலாளிகளுக்கு அந்த நாற்காலி பிடிப்பதில்லை.

“போட்டோல நமக்கு வேணுங்கிறதை மட்டும் காட்டலாம். இதுல அது நடக்காது. பின்னாடி என்ன கெடக்குன்னும் தெரிஞ்சுரும்” என்கிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் அது நடந்தது. மாடி வராந்தாவின் கடைசியில் அவசர வழிக் கதவு. அதை மறித்து அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. படத்தைப் பார்த்த நிர்வாகி, “பெட்டிய கம்ப்யூட்டர்ல அழிச்சுருங்க தம்பி” என்றார். அழிப்பது பத்து நிமிட வேலை. இவர், “அண்ணே, பெட்டிய எடுத்துட்டுச் சொல்லுங்க. காசு வேணாம், மறுபடி வந்து எடுத்துத் தாரேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தபோது வழி காலியாக இருந்தது.

இது பிடிவாதம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கீற்றுக் கூரையில் பிடித்த தீ ஒரு காரணம் என்றால், குறுகலான வழி இன்னொரு காரணம். ஒரு கட்டடத்தின் உள்ளே எந்த வழி எங்கே போகிறது என்பது, உள்ளே இருப்பவர்களுக்கும் காப்பாற்ற வருபவர்களுக்கும் உயிர் விஷயம். பொய்யான வரைபடம், வரைபடம் இல்லாததைவிட மோசம்.

வட்டக் கட்டடத்திலிருந்து உள்ளங்கைக்கு

நாலாபுறமும் ஒரே படத்தில் காட்டும் ஆசை புதிதல்ல. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1793-ல் லண்டனில் இதற்காகவே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார்கள். காசு கொடுத்து உள்ளே போய் நடுமேடையில் நின்றால், சுற்றிலும் சுவர் முழுக்க ஒரே ஓவியம். ‘பனோரமா’ என்ற சொல்லே அந்த ஓவியங்களுக்காகப் பிறந்ததுதான்.

2007-ல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2011-ல் பெங்களூருவில் கேமரா கார்கள் ஓட ஆரம்பித்ததும் காவல்துறை தடுத்து நிறுத்தியது. பாதுகாப்புக் காரணத்தால் 2016-லும் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2021-ல் வரைபட விதிகள் தளர்ந்த பிறகு, 2022 ஜூலையில் டெக் மகிந்திரா, ஜெனிசிஸ் என்ற இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில் அது வந்தது. ஆனால், அந்தக் கார்களைத் தடுத்து நிறுத்தியிருந்த வருடங்களிலேயே, கடைகளும் விடுதிகளும் தங்கள் உட்புறத்தைத் தாங்களே படமெடுத்து வரைபடத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டன. தெரு தெரிவதற்கு முன்பே கடைக்குள் தெரிந்த ஊர்கள் நம் ஊர்கள்.

கோயில்களின் கதை வேறு. உத்தமபாளையம் காளாத்தீஸ்வரர், சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர், குச்சனூர் சனீஸ்வரர், வீரபாண்டி கௌமாரியம்மன் என்று இந்தப் பள்ளத்தாக்கில் கோயில்களுக்குக் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது அடிக்கடி, “எங்க சாமிய உள்ள வரைக்கும் எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. அதற்கு முன்பும் பின்பும் இவர் பதில் ஒன்றுதான். “அது நம்ம எடுக்குற படம் இல்லண்ணே.”

ஆனாலும், பதிவு இல்லாததன் நஷ்டமும் அவருக்குத் தெரியும். 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு, மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கடைகளில் பற்றிய தீ, வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்தது. தேனியிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூரம். இவர் சிறுவயதில் அம்மா கையைப் பிடித்து நடந்த இடம். அடுத்த வருடம், 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயம் எரிந்தது. அதை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் முன்பே லேசர் கருவியாலும் முழுவட்டப் படங்களாலும் அளந்து வைத்திருந்தார். நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். தீப்பிடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற அளவுகள் சீரமைப்புக்குக் கைகொடுத்தன.

நாலு பேர் வீடு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு. அழைத்தது சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி. பத்தாம் வகுப்பு வரை வளர்ந்த வீடு. தாத்தா இல்லை. அப்பத்தா மட்டும் தனியாக இருக்கிறார். அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேர், பாகம் பிரிக்க முடியாமல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறார். “வீடு முழுக்க எடுத்துக் குடுங்கண்ணே. ஒரு மூலைய விடாம” என்றார் பேத்தி.

பெரியாறு தண்ணீரில் இருபோகம் விளைந்த காசில் எழுந்த வீடு. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், தேக்குத் தூண்கள், பரண், மூலையில் ஆளுயரக் குலுக்கை. சுவரில் தாத்தா படத்துக்குப் பக்கத்திலேயே மாலையோடு பென்னிகுவிக் படம். முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் முடித்துத் தந்த வெள்ளைக்காரரை இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகள் குடும்பத்தில் ஒருவராகத்தான் வைத்திருக்கின்றன.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, கேமராவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் முழிச்சுப் பாக்குது” என்றார். எல்லா அறைக்கும் கூடவே வந்தார். நடுவீட்டுக் கதவு முன்னால் மட்டும் நின்றுவிட்டார்.

“எல்லாத்தையும் எடு. இதை மட்டும் விட்ருப்பா.”

உள்ளே குலசாமிப் பெட்டி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, மாசி சிவராத்திரிக்குத்தான் அது வெளியே வரும். வெளி ஆள்கள் பார்க்கக் கூடாது. “கண்டவனும் செல்லுல தடவிப் பாக்குறதுக்கா எங்க சாமி இருக்கு?”

அவர் போனில் விஷயத்தைச் சொன்னதும், பேத்தி அழுதுவிட்டார். தான் பிறந்ததே அந்த அறையில்தானாம். பெரியவர் ஒருவர் இவரைத் தனியே கூப்பிட்டு, “ஆத்தா சாயந்தரம் விளக்குப் போட கோயிலுக்குப் போயிரும். சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நிமிச வேலைதான தம்பி?” என்றார். இரண்டு நிமிடம்கூட வேண்டாம். கேமரா உள்ளங்கை அளவு. கம்பில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினாலே போதும், அறை முழுக்க வந்துவிடும். யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் அந்த அறையே இருக்காது. சிங்கப்பூரில் இருக்கும் பெண்ணுக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டுதானே என்றும் தோன்றியது.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எட்டு வயதில், அவருடைய அம்மாவைப் பிரசவ வலியோடு கிடத்தியிருந்த அறைக்குள் யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததும், பாட்டி போட்ட கூச்சலும் ஞாபகம் வந்துகொண்டே இருந்ததாம். இடிந்துபோகிற வீடுதான். ஆனால், அப்பத்தா இன்னும் இருக்கிறார். அவர் இருக்கும்வரை அது அவர் வீடு.

மறுநாள் காலை வேறு ஒன்று கேட்டார். “ஆத்தா, கதவைத் தொறக்க வேணாம். உள்ள என்னென்ன இருக்குன்னு வாயால சொல்வியா? ஒம் பேத்தி கேக்கட்டும்.”

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மூடிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார். எந்த மூலையில் தொட்டில் கட்டினார்கள், எந்தப் பிள்ளை எந்த மழையில் பிறந்தது, பஞ்ச காலத்தில் விதைநெல்லை எங்கே ஒளித்து வைத்தார்கள், தாத்தா கடைசி நாள்களில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தார். பதினொரு நிமிடம். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வீட்டின் லிங்க்கில் 14 புள்ளிகள். ஒன்பதாவது புள்ளியில் நின்றால் எதிரே மூடிய கதவு. அதைத் தொட்டால் கதவு திறக்காது. அப்பத்தா பேசுவார்.

அந்த வருடச் சிவராத்திரி முடியும்வரை குடும்பம் காத்திருந்தது. பங்குனியில் வீடு இடிந்தது. பெட்டி இப்போது தேனியில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறது, அப்பத்தாவும் அங்கேதான். முதன்முறை போனில் வீட்டைக் காட்டியபோது, அவர் எல்லோரும் எதிர்பார்த்தது போல அழவில்லை. “மேல காட்டு” என்றார். உத்திரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “இந்தத் தேக்கை என்ன வெலைக்குக் குடுத்தீக?” என்று மகனைக் கேட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, “ஏமாந்துட்டீகளேடா” என்று திட்டினாராம். பிறகு தாழ்வாரக் கொடியில் கிடந்த துண்டைக் காட்டி, அது தாத்தாவுடையது என்றார். அது அங்கே கிடந்ததை அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை.

உங்கள் வீட்டையும் எடுத்து வையுங்கள்

அந்த வீடு கூகுளில் இல்லை. லிங்க் நாலு குடும்பங்களின் போன்களில் மட்டும் இருக்கிறது. கடைக்கும் மண்டபத்துக்கும் வரைபடம் ஊருக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்கு அப்படியில்லை. எந்தக் கதவு எந்தப் பக்கம், பீரோ எங்கே என்று உலகத்துக்குக் காட்டினால் திருடனுக்கும் சேர்த்துக் காட்டியதாகிவிடும். இப்போதெல்லாம் வீடு எடுக்கப் போனால், கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன் வீட்டின் மூத்த பெண்ணோடு ஒரு சுற்று நடந்து வருகிறார். எந்தக் கதவு மூடியிருக்க வேண்டும் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்கிறார்.

இதற்கு விலை உயர்ந்த கேமராதான் வேண்டும் என்பதில்லை என்கிறார் அவர். சாதாரண போனே போதும். பகல் வெளிச்சத்தில், ஒவ்வோர் அறையின் நடுவிலும் நின்று, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றி வீடியோ எடுங்கள். பிறகு கூரையையும் தரையையும் எடுங்கள், எல்லோரும் மறப்பது அவற்றைத்தான். ஒரு தாளில் வீட்டை வரைந்து, அறைகளுக்கு எண் போடுங்கள். யார் எங்கே தூங்கினார்கள், எங்கே பிறந்தார்கள் என்று பெரியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். சாமான்களை ஒழுங்குபடுத்தாதீர்கள், கொடியில் கிடக்கும் துண்டு அங்கேயே கிடக்கட்டும்.

பழைய வீட்டை விற்பதும் இடிப்பதும் பல குடும்பங்களுக்குத் தவிர்க்க முடியாதது. பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்கும் முன், அப்பத்தாவோடு வீட்டைச் சுற்றி நடக்க ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.